பெட்டி வந்தது, பொருள் விளங்கியதா?

அளக்கும் படி எவ்வளவு கொள்ளும் என்று அறியாதவன் நெல் வாங்கச் சென்றால் என்ன ஆகும்? விற்பவன் நேர்மையாளனாயிருந்தால் பிழைத்தான். இல்லையேல் சாக்கும் குறையும், காசும் குறையும், குறைந்தது ஏன் என்பது மட்டும் விளங்காது. படியைப் போன்றதே சொல்லும். பொருள் தெரியாத சொல்லை நம்பிப் பொருளை வாங்குவோர் இன்று நம்மிடையே பெருகியிருக்கின்றனர். அத்தகைய சந்தைகளுள் மிகப் புதியது, வீட்டுக் கூடத்திற்குள்ளேயே வந்து கடை விரித்திருப்பது, இணையத் தொலைக்காட்சி.

தோழர்களே! தம்பானூர் நமக்குப் புதிய இடமன்று. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைப்பையும் படிப்பையும் தேடி இந்நகருக்கு வருகிற நம்மவர் முதலில் கால் வைக்கும் மண் அது. ஒருபுறம் ரயில் நிலையம். எதிரே பேருந்து நிலையம். அருகே லாரி பேக்கர் செங்கல்லால் சுருள் வடிவில் எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸ். சற்றுத் தள்ளிப் படக்கொட்டகைகள். அந்த வட்டாரத்துத் தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நடந்து பாருங்கள். விடுதி வாயிற்காவலர் கையிலும், தேநீர்க் கடைத் தொழிலாளர் மேசையிலும், பூத்தொடுக்கும் பெண்களின் மடியருகிலும் உள்ளங்கையளவு கண்ணாடியில் தமிழ் பேசிக்கொண்டிருக்கும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன. இந்நகரத் தமிழரோ மொழிச் சிறுபான்மையினராக இங்கேயே வாழ்ந்து வருகின்றனர். அவர்களுக்கு இந்தச் சின்னஞ்சிறு திரை வெறும் பொழுதுபோக்கன்று. ஊர்ச் செய்தி அதில் வருகிறது. பிள்ளைகள் காதில் தமிழ் விழுவதும் பெரும்பாலும் அதன் வழியேதான். ஆகவே அதை வாங்கும்போது ஏமாறுவது, காசு இழப்பதோடு நின்றுவிடும் சங்கதியன்று.

பழைய தொலைக்காட்சிக்கு இவ்வளவு அகராதி தேவைப்படவில்லை. 1959 செப்டம்பர் 15இல் டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1975இல் சென்னைக்கு வந்தது. 1975-76இல் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு ராஜ்யங்களின் 2400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தார்கள். நாம் படிக்கும் இந்நகரின் தும்பாக் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21இல் கிளம்பிய சிறு ராக்கெட்டோடு தொடங்கிய விண்வெளிப் பணியின் ஒரு கிளையே அம்முயற்சி. அந்நாளில் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டே: கூரைமேல் ஏரியலைத் திருப்பத் தெரிய வேண்டும், பெட்டியின் குமிழைத் திருகத் தெரிய வேண்டும். இன்றோ ஐ.பி.டி.வி., ஓ.டி.டி., ஸ்ட்ரீமிங், பஃபரிங், எம்.பி.பி.எஸ்., 1080பி, 4கே, கோடெக், டி.ஆர்.எம். என்று எழுத்துகளின் ஊர்வலம்! விஞ்ஞானம் பயிலும் நமக்கே சிலவேளை தலை சுற்றுகிறது. பள்ளிக்கூட வாசலை மிதியாதவர் நிலை என்ன? இச்சொற்களை ஒவ்வொன்றாய் அவிழ்த்துப் பார்ப்போம். பிறகு, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பேசுவோம்.

இரண்டு பாதைகள்

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று ரயில். அதற்கென்று தனித் தண்டவாளம். அதில் வேறு வண்டி குறுக்கிடாது. யார் எப்போது ஓடலாம் என்பதை ஒரே நிர்வாகம் தீர்மானிக்கிறது. மற்றொன்று பேருந்து. அது எல்லாரும் போகும் சாலையில் போகிறது. கூட்டமிருந்தால் நெரிசலில் நிற்கும். ஆனால் சாலை உள்ள ஊருக்கெல்லாம் போகும்.

ஐ.பி.டி.வி. என்பது ரயிலைப் போன்றது. ‘ஐ.பி.’ என்பது இணைய நெறிமுறை. செய்தியைச் சிறு சிறு பொதிகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்பும் முறை. 1995இல் அமெரிக்காவில் பிரிசெப்ட் என்னும் நிறுவனம் தன் மென்பொருளுக்கு இட்ட பெயரே பின்பு பொதுப்பெயராகிவிட்டது. இதில் உங்களுக்கு இணைப்பு தருகிற நிறுவனமே, தன் சொந்த வலைக்குள், படத்துக்கென ஒதுக்கிய பாதையில், சானல்களை அனுப்புகிறது. 2024 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தன் கண்ணாடியிழை இணைப்பில் தொடங்கிய தொலைக்காட்சிச் சேவை இத்தகையது. முதலில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் அறிமுகமாயிற்று. அதில் சானல் பார்ப்பதற்கு ஆகும் அளவை உங்கள் இணையக் கணக்கில் கழிக்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். படம் பொதுச் சாலைக்கே வராமல் உள்வீதியிலேயே வருவதால்தான் அவ்வாறு சொல்ல முடிந்தது.

ஓ.டி.டி. என்பது பேருந்து. அவ்வெழுத்துகளுக்கு ‘மேலாகச் செல்வது’ என்று பொருள் கொள்ளலாம். எதற்கு மேலாக? இணைப்பு தருபவரின் தலைக்கு மேலாக! கம்பி போட்டவர் ஒருவர்; படம் காட்டுபவர் வேறொருவர். கம்பிக்காரரைக் கேளாமல், அவர் இட்ட பொதுப்பாதையின் மேலேயே தம் சரக்கை அனுப்புகிறார் படக்காரர். நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையவழிப் படம் காட்டத் தொடங்கி, 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 2017இல் தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளுக்காக சன் நெக்ஸ்ட் வந்தது. இவையெல்லாம் இவ்வகையின.

இந்த வேறுபாட்டினால் சாமானியருக்கு என்ன பயன்? பயன் உண்டு. படம் நின்றுவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பது இதைப் பொறுத்தது. ஐ.பி.டி.வி.யில் கம்பிக்காரரும் படக்காரரும் ஒருவரே. அவரே பதில் சொல்ல வேண்டும். ஓ.டி.டி.யிலோ இருவர், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். சட்டமும் வேறு. ஐ.பி.டி.வி.க்கு மத்திய அரசாங்கம் 2008இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. ஓ.டி.டி.யோ 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் வருகிறது. படத்தின் தொடக்கத்தில் ‘யு/ஏ 13+’ போன்ற வயதுக்குறி காட்டப்படுவது அவ்விதிகளின்படிதான்.

ஓடி வரும் படம்

ஸ்ட்ரீமிங் என்றால் ஓடையாக வருதல். படம் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு பார்ப்பது ‘பதிவிறக்கம்’. வந்துகொண்டிருக்கும்போதே பார்த்துக்கொண்டிருப்பது ‘ஓடை’. கிணற்றிலிருந்து அண்டாவை நிரப்பிக்கொண்டு குளிப்பதற்கும், வாய்க்காலில் நின்று குளிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

அந்த வாய்க்காலோ ஒரே சீராக ஓடுவதில்லை. படத்தைச் சில வினாடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். துண்டுகள் வரும் வேகம் கூடும், குறையும். ஆகவே உங்கள் கருவி ஒரு தந்திரம் செய்கிறது. நம் வீடுகளில் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், மாடித் தொட்டி நிறைந்திருந்தால் அடுக்களையில் தட்டுப்பாடு தெரிவதில்லையல்லவா? அதுபோல அடுத்துவரும் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பிடமே பஃபர். தமிழில் ‘இடையகம்’ என்பர். தொட்டி வற்றினால் படம் நிற்கிறது. நடுவில் ஒரு வட்டம் சுழல்கிறது. அதுதான் ‘பஃபரிங்’. அந்த வட்டத்தைக் கண்டவுடன் பெட்டியின் தலையில் தட்டுவோர் இன்றும் உண்டு! தட்டினால் தண்ணீர் வருமா?

தொட்டி ஏன் வற்றுகிறது? நான்கு இடங்களில் அடைப்பு இருக்கலாம். முதலாவது, வீட்டிற்குள்ளேயே. வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிகுந்தது, சுவரைக் கண்டால் தளரும். இரண்டாவது, வீட்டிற்கு வரும் கம்பியில். மூன்றாவது, கம்பிக்காரரின் வலை வெளியுலகோடு சேரும் சந்திப்பில். நான்காவது, படக்காரரின் வழங்கியில். அதாவது படத்தை வைத்துக்கொண்டு கேட்போர்க்கெல்லாம் கொடுக்கும் கணிப்பொறியில். கண்டுபிடிக்கும் வழியும் எளிதே. கருவியை வைஃபை பெட்டியருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சரியானால் குறை வீட்டிற்குள். ஒரு செயலியில் மட்டும் நின்று மற்றவற்றில் ஓடினால், பெரும்பாலும் குறை படக்காரரிடம். எல்லாம் நின்றால் கம்பிக்காரரைக் கூப்பிடலாம். இந்த மூன்று வாக்கியத்தை யாரேனும் தமிழில் சொல்லிக் கொடுத்திருந்தால், நல்ல பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதுப்பெட்டி வாங்கியவர் எத்தனை பேர் பணம் மிஞ்சியிருக்கும்!

தண்ணீர் குறைந்தால் குவளையைச் சிறிதாக்கிக்கொள்வது இன்னொரு தந்திரம். ஒரே படத்தைப் பல தெளிவு நிலைகளில் முன்பே தயாரித்து வைத்திருப்பார்கள். பாதை நன்றாயிருந்தால் கருவி பெரிய துண்டைக் கேட்கும். நெரிசலானால் சிறிய துண்டைக் கேட்கும். கதாநாயகியின் முகம் திடீரென்று மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். 2009இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எச்.எல்.எஸ். முறையும், 2012இல் சர்வதேசத் தரமான டாஷ் முறையும் இந்த அடிப்படையில் அமைந்தவை.

தோவாளைப் பூவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்நகரில் ஒரு முழம் பிச்சி வேண்டுமென்றால் நாம் தோவாளைச் சந்தைக்கா ஓடுகிறோம்? விடியுமுன்னே பூ இங்கு வந்து சேர்ந்துவிடுகிறது, தெருமுனையில் வாங்கிக்கொள்கிறோம். அதுபோலப் பலர் விரும்பும் படங்களின் பிரதிகளை ஊருக்கு ஊர் அருகிலேயே வைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு சி.டி.என். என்று பெயர். ‘உள்ளடக்கம் பகிரும் வலை’ என்று சொல்லலாம். அது இல்லாவிட்டால் கடல் கடந்த ஒரே களஞ்சியத்தின் வாசலில் உலகமே முண்டியடிக்கும்.

நேரடி ஒளிபரப்பில் மட்டும் முன்கூட்டிச் சேமிக்க வழி குறைவு. துண்டு வெட்டி, சுருக்கி, அனுப்பி, தொட்டியில் நிரப்பிக் காட்டுவதற்குள் பல வினாடிகள் கழிந்துவிடுகின்றன. கிரிக்கெட் ஆட்டத்தில் பக்கத்து வீட்டார் கைதட்டிய பிறகு நம் வீட்டில் பந்து வீசப்படுகிறதே, அதற்கு ‘லேட்டன்சி’ என்று பெயர். ‘தாமதம்’ என்னும் நல்ல சொல் இருக்கிறது.

எண்களின் மயக்கம்

இனி எண்களுக்கு வருவோம். இங்கேதான் மயக்கம் மிகுதி.

தம்பானூரில் ஒரு விடுதிக் கணக்கர்; நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். புது இணைப்பு வாங்கிய மறுவாரம் என்னைக் கண்டதும் கொதித்தார். “தம்பி, நூறுன்னு சொல்லிப் பணம் வாங்கினான். படம் இறக்கும்போது பன்னிரண்டுன்னுதான் காட்டுது. எட்டுல ஒரு பங்குகூட முழுசா இல்ல. பட்டப்பகல் கொள்ளையில்லா இது!” அவர் கணக்கு சரி, குற்றச்சாட்டு தவறு. இணைப்பு விற்பவர் சொன்னது மெகாபிட். செல்பேசி காட்டியது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. விற்றவர் ஏமாற்றவில்லை, ஆனால் விளக்கவுமில்லை. நேர்மையானவரும் திருடராகத் தோன்றுகிறார் என்றால், சொல் விளங்காமையின் கேட்டுக்கு வேறு சான்று வேண்டுமோ?

எம்.பி.பி.எஸ். என்பது வேகம், குழாயின் பருமன் போன்றது. ஜி.பி. என்பது அளவு, குடத்தின் கொள்ளளவு போன்றது. இவ்விரண்டையும் குழப்புவோர் பலர். ஒரு நாளைக்கு 2 ஜி.பி. என்ற கணக்கில் செல்பேசி வைத்திருப்பவர், வினாடிக்கு 5 மெகாபிட் செல்லும் தெளிவான படத்தைப் பார்த்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? 2 ஜி.பி. என்பது 16,000 மெகாபிட். ஐந்தால் வகுக்க 3200 வினாடி. அதாவது 53 நிமிடம். இடைவேளை வருமுன்னே குடம் காலி! அதே படத்தை 1 மெகாபிட்டில் பார்த்தால் ஏறக்குறைய நாலரை மணி நேரம் வரும். உள்ளங்கைத் திரைக்கு அந்தத் தெளிவு போதும். செயலியின் அமைப்புப் பகுதியில் தெளிவைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால் விரல் அங்கே போவதில்லை.

720, 1080 என்பவை என்ன? திரையில் மேலிருந்து கீழாக எத்தனை வரிசைப் புள்ளிகள் என்பதன் கணக்கு. 1080 என்றால் அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080 புள்ளி; பெருக்கினால் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம். 4கே என்பது 3840க்கு 2160. ஏறத்தாழ 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு. எண்ணுக்குப் பின் நிற்கும் ‘பி’, வரிகளை ஒன்றுவிடாமல் வரிசையாக வரைவதைக் குறிக்கும். ‘ஐ’ என்றிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக வரைவது. 4கே பெட்டி வாங்கிவிட்டதாலேயே படம் 4கே ஆகிவிடாது. படம் அத்தெளிவில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தெளிவில் அனுப்பப்பட வேண்டும். அதைத் தாங்கும் வேகம் வேண்டும். சந்தாவும் அதற்குரியதாக இருக்க வேண்டும். பெரிய அண்டாவை வாங்கி வைத்தால் பால் பொங்கிவிடுமா?

விஞ்ஞான மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது கோடெக். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட் என்று வைத்துக்கொள்வோம். 1080 திரையில், வினாடிக்கு 25 படம் என்றால், சுருக்காமல் அனுப்ப வினாடிக்கு 124 கோடியே 41 லட்சத்து 60 ஆயிரம் பிட் வேண்டும். வருவதோ வினாடிக்கு 50 லட்சம் பிட். ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு! மீதி எங்கே போயிற்று? அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை மறுபடி அனுப்புவதில்லை. நகர்ந்தது மட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்கிறார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை விட்டுவிடுகிறார்கள். இவ்வாறு மடித்துக் கட்டுவதும், வந்தவிடத்தில் பிரித்து விரிப்பதும் கோடெக்கின் வேலை. 2003இல் எச்.264, 2013இல் அதனினும் சிக்கனமான எச்.இ.வி.சி., 2018இல் ஏ.வி.1 என்று வளர்ந்து வந்துள்ளது. பழைய பெட்டிக்குப் புதிய மடிப்பைப் பிரிக்கத் தெரியாது. ஒலி வந்து படம் வராத வியாதிக்குப் பலவேளை காரணம் இதுவே.

காசின் கதை

பணம் கொடுக்கும் முறைகளுக்கும் சொற்கள் உண்டு. மாதம் அல்லது ஆண்டு கட்டணம் கட்டி எல்லாவற்றையும் பார்ப்பது சந்தா. விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு காசில்லாமல் பார்ப்பது மற்றொன்று. அதை இலவசம் என்பது வழக்கம், நேரத்துக்கு விலையில்லை என்று எண்ணுவோருக்கு. ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு தம்பானூரிலேயே இருக்கிறது. கேரள அரசாங்கத்தின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி கொட்டகையில், 2024 மார்ச் 7ஆம் நாள், முதலமைச்சர் பினராயி விஜயன் ‘சி ஸ்பேஸ்’ என்னும் ஓ.டி.டி. தளத்தைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் ஒரு மாநில அரசாங்கம் தொடங்கிய முதல் தளம் அது. முதற்கட்டத்தில் 42 படங்கள். ஒரு படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி படத்தின் உரிமையாளருக்கு. கொட்டகை வைத்திருக்கும் அரசாங்கமே வீட்டுத் திரைக்கும் கதவு திறந்தது! இதைக் கண்டு நான் மகிழ்கிறேன்; தாய்மொழிப் படம் பெருமுதலாளிகளின் தயவை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அதோடு, ‘பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு’ என்பதைப் போலத் தெளிவான ஏற்பாடு சாமானியனுக்கு வேறில்லை. 2023 ஜூன் 5இல் தொடங்கிய கே-போன் கண்ணாடியிழை வலையும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதைக் குறிக்கோளாக அறிவித்தது. பாதை போட அரசாங்கம் முன்வரலாம். பாதையில் வைத்த பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது யார்?

சில செயலிகளில் படத்துக்கு அருகே ‘வாடகை’ என்றும் ‘வாங்கு’ என்றும் இரு பொத்தான்கள் இருக்கும். ‘வாங்கு’ என்பதை அழுத்தினால் படம் நமக்குச் சொந்தமாகிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் கிடைப்பது பார்ப்பதற்கான அனுமதியே. கடைக்காரர் கடையை மூடினால் அனுமதியும் மூடிவிடலாம். அந்த அனுமதியைக் காக்கும் பூட்டுக்கு டி.ஆர்.எம். என்று பெயர், ‘உரிமைப் பூட்டு’ என்போம். உரிய சான்று பெறாத மலிவுப் பெட்டிகளில் இப்பூட்டு முழுவதும் திறவாது. அதனால் பல தளங்கள் அவற்றுக்குத் தெளிவு குறைந்த படத்தையே தருகின்றன. ‘எல்லையற்ற இணையம்’ என்ற விளம்பரத்தின் அடியில், குறித்த அளவு தாண்டினால் வேகம் குறைக்கப்படும் என்று சிற்றெழுத்தில் இருக்கும். ‘நியாயப் பயன்பாடு’ என்பது அதன் திருநாமம்!

எல்லாவற்றினும் கொடியது ‘ஆயுள் சந்தா’. பூத்தொடுக்கும் ஓர் அம்மையார் சிட்டுப் பணத்தில் ஒரு பெட்டி வாங்கினார். “ஆயுசு முழுக்கத் தமிழ்ச் சானல் எல்லாம் வருமின்னு சொன்னான் மக்களே, மூணு மாசத்துல அணைஞ்சு போச்சு. யாருக்க ஆயுசச் சொன்னானோ!” என்றார். சிரிப்பதா, அழுவதா? அப்பெட்டியில் வந்தவை அனுமதியின்றி எடுத்து அனுப்பப்பட்டவை. வழங்கியை அணைத்துவிட்டு விற்றவன் வேறு தெருவுக்குப் போய்விட்டான். திரைப்படங்களை அனுமதியின்றிப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் அந்த அம்மையாரின் காதுக்கு முதலில் எட்டியது விற்றவனின் தமிழ். இதை மறக்க வேண்டாம்: ஏமாற்றுகிறவன் அழகான தமிழில் பேசுகிறான், அறிவுள்ளவர்களாகிய நாமோ ஆங்கில எழுத்துகளால் பேசுகிறோம்!

சொல் எப்படி இருக்க வேண்டும்?

இங்கே இரு கட்சியார் வாதிடுவர். ஒருவர் சொல்வார்: “இவையெல்லாம் உலகச் சொற்கள்; தமிழில் ஏன்? அப்படியே இருக்கட்டும்.” மற்றவர் சொல்வார்: “ஒரு சொல்லையும் விடாமல் தூய தமிழாக்குவோம்.” முதல்வர் சொல்வதில் சோம்பல் இருக்கிறது, இரண்டாமவர் சொல்வதில் ஆர்வம் மட்டும் இருக்கிறது. ஓ.டி.டி.க்குப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் படைத்து, அதை விளக்க ஆங்கிலம் தேவைப்பட்டால் அதனால் யாருக்கு லாபம்?

என் கருத்து இது. எந்தச் சொல்லைக் கொண்டு சாமானியன் ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கிறதோ, அந்தச் சொல் தமிழில் இருந்தே ஆக வேண்டும். வேகம், அளவு, தெளிவு, தாமதம், சந்தா, வாடகை, உரிமைப் பூட்டு: இவை அவன் காசைத் தொடுகிற சொற்கள். எச்.264 என்பதும் டாஷ் என்பதும் பொறியியலாளர் கைக்குள் இருப்பவை; அவை தமிழ் எழுத்தில் அப்படியே வரட்டும், வேலை என்ன என்பதை மட்டும் சொன்னால் போதும். வானொலியும் தொலைக்காட்சியும் பேருந்தும் ஒருநாள் புதுச் சொற்களே. மக்களுக்குத் தேவைப்பட்டன, நாவுக்கு இசைந்தன, நிலைத்தன. ரேடியோவும் பஸ்ஸும் கூடவே வாழ்கின்றன. அதனால் தமிழ் தேய்ந்துவிடவில்லை.

இப்பணி புதிதுமன்று. 1916இலேயே ராஜாஜி முதலியோர் தமிழில் விஞ்ஞானச் சொற்கள் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் கண்டனர். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. இந்நகரின் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ தந்தார். இங்குள்ள பல்கலைக் கழகத்தில் மொழியியல் துறையை வளர்த்த வ.அய். சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானார். திருவனந்தபுரம் தமிழுக்கு வெளியூர் என்று எவரேனும் சொன்னால் இவர்களைக் காட்டுவோம். ஆனால் பெயரைக் காட்டிப் பெருமைப்படுவது எளிது. அவர்கள் செய்த வேலையின் ஒரு துளியை நாம் செய்வது அரிது.

“தொலைக்காட்சி பார்ப்பதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று சில நண்பர்கள் நகைக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். படம் வரும் அதே பாதையில்தான் பிள்ளையின் பாடமும் வருகிறது. வைத்தியரின் ஆலோசனையும் வருகிறது. வேலைக்கான நேர்முகமும் வருகிறது. பஃபர் என்றால் என்ன என்று படத்தில் கற்றவள், பாடம் நின்றாலும் கலங்கமாட்டாள். விளையாட்டாகக் கற்பதே விரைவாகக் கற்பது.

நாம் செய்யக் கூடியது

பெரிய மாநாடு வேண்டாம், தீர்மானங்களும் வேண்டாம். நம் சங்கத்தில் விஞ்ஞானம் பயில்வோர் இருக்கிறோம். இலக்கியம் பயில்வோர் இருக்கிறீர்கள். பொருளை நாங்கள் சொல்கிறோம். சொல்லை நீங்கள் செதுக்குங்கள். நாற்பது சொற்களுக்கு மேற்படாமல், நான்கே பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒரு சிறு வெளியீடு கொண்டுவருவோம். ஒவ்வொரு சொல்லின் கீழும் மூன்று வரி: அது என்ன, அதனால் காசு எப்படிக் கூடும் அல்லது குறையும், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும். அச்சிடுமுன், தம்பானூரில் தேநீர்க் கடை நடத்தும் ஒருவரிடமும் பூக்கட்டும் ஒருவரிடமும் படித்துக் காட்டுவோம். அவர்களுக்கு விளங்காத வரியை அடிப்போம், அதை எழுதியவர் எவ்வளவு பெரிய புலவராயினும்!

பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இருவர் இருவராகச் சென்று, அவரவர் கருவியைக் கையில் வாங்கிக் காட்டிக் கொடுப்போம். தெளிவைக் குறைக்கும் பொத்தான் எங்கே, தானாகப் புதுப்பிக்கும் சந்தாவை நிறுத்துவது எப்படி, பிள்ளைகளுக்கான பூட்டு எங்கே என்று மூன்று காட்டினால் போதும். ஒரு மாணவர் ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்றால், ஓராண்டில் எத்தனை வீடுகள் விழிப்புறும், எண்ணிப் பாருங்கள்.

நம் பெற்றோர் பலர் நம்மை இவ்வூருக்கு அனுப்பியது, அவர்களுக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொள்வதற்காக. தெரிந்துகொண்டதை அவர்களுக்கு விளங்காத மொழியில் வைத்துக்கொண்டிருந்தால், அந்தப் படிப்பில் அவர்களுக்கு என்ன பங்கு? அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, காபி ஹவுஸின் சுருள் பாதையில் ஏதேனுமொரு மேசையில் நான் இருப்பேன். முதல் பத்துச் சொற்களை எழுதிக்கொண்டு வருகிறேன். திருத்துவதற்குப் பேனாவோடு வாருங்கள்!